உண்மைப் படமா? புதுப் புராணமா?

அகஸ்தியர் கடலைக் குடித்த கதையைப் பாகவதர் ஒருவர் காலட்சேபத்தில் சொன்னால், கேட்பவர்களில் பலர் அது கதை என்று தெரிந்துகொண்டேதான் கேட்கிறார்கள். ஆனால் வீட்டுக் கூடத்திலுள்ள டெலிவிஷனில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் "விஞ்ஞானி" என்ற பட்டத்தோடு வந்து அதே மாதிரிக் கதையைச் சொன்னால், அதைக் கதையென்று யாரும் நினைப்பதில்லை. படித்தவர்கள் என்பவர்களே முந்திக்கொண்டு நம்புகிறார்கள். ஏனென்றால் அதற்கு வைத்திருக்கும் பெயர் டாக்குமெண்டரி, அதாவது உண்மைப் படம். இந்த "உண்மை"யின் யோக்கியதை என்ன என்பதைச் சற்று விசாரிப்போம்.

முதலில் பிராணிகளைப் பற்றிய படங்களை எடுத்துக்கொள்வோம். 1958-ம் வருஷத்தில் டிஸ்னி கம்பெனியார் "ஒயிட் வைல்டர்னஸ்" என்னும் படத்தை வெளியிட்டார்கள். லெம்மிங் என்னும் எலி ஜாதிப் பிராணிகள் கூட்டங்கூட்டமாய்ச் செங்குத்தான கரையிலிருந்து கடலில் விழுந்து சாவதாக அதில் காட்டப்பட்டது. உண்மைப் படங்களுக்கான ஆஸ்கார் பரிசும் அதற்குக் கிடைத்தது. 1982-ல் கனடா தேசத்து டெலிவிஷன்காரர்கள் விசாரித்தபோதுதான் சங்கதி வெளியாயிற்று. அந்தக் காட்சி எடுக்கப்பட்ட ஆல்பர்ட்டா மாகாணத்துக்குக் கடலே கிடையாது. பிராணிகளும் விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்டவை. அவை தாமாகக் குதிக்கவும் இல்லை. மனிதர்களே ஆற்றில் தள்ளிவிட்டுப் படம் பிடித்தார்கள்! முன்பே உலவிய ஒரு கட்டுக்கதை, இந்தப் படத்தால் "கண்ணால் கண்ட" உண்மையாகிவிட்டது.

இது பழைய காலத்துப் பித்தலாட்டம் என்று யாராவது சொல்லக்கூடும். 2013-ல் டிஸ்கவரி சேனலார் மெகலோடான் என்னும் ராட்சதச் சுறா இன்னும் கடலில் உயிரோடிருப்பதாக ஒரு படம் காட்டினார்கள். அந்தச் சுறா பூண்டற்றுப் போய் ஏறக்குறைய 36 லட்சம் வருஷங்களாகின்றன. படத்தில் விஞ்ஞானிகளாக வந்தவர்கள் கூலிக்கு நடித்த நடிகர்கள். இது கற்பனை என்பதைப் படத்தின் முடிவில் சில விநாடிகள் மட்டும் எழுத்தில் காட்டிவிட்டு நழுவிவிட்டார்கள். அதற்கு முந்திய வருஷம் அனிமல் பிளானட் சேனலார் கடற்கன்னிகளைப் பற்றி இதே மாதிரிப் படம் காட்டினார்கள். அமெரிக்க சர்க்காரின் கடலாராய்ச்சி இலாகாவே முன்வந்து, கடற்கன்னி என்பதற்கு எவ்வித அத்தாட்சியும் கிடையாது என்று அறிக்கை விடவேண்டியதாயிற்று. அதன் பிறகும் 2013-ல் இரண்டாம் பாகம் காட்டினார்கள் என்றால், இவர்களது வெட்கத்தின் அளவை வாசகர்களே தெரிந்துகொள்ளலாம்.

நிற்க, சரித்திரத்தின் கதி இதைவிட மோசம். ஹிஸ்டரி சேனலில் 2010 முதல் "ஏன்ஷியண்ட் ஏலியன்ஸ்" என்ற தொடர் நடந்துவந்திருக்கிறது. பிரமிடு போன்ற பழங்கால வேலைகளில் நட்சத்திர லோகத்தாரின் கை இருந்திருக்குமோ என்பதே அதன் பல்லவி. "இருந்தது" என்று சொன்னால் ருசு கேட்பார்கள், "இருந்திருக்கக்கூடுமா?" என்று கேட்டால் ருசு கொடுக்கவேண்டியதில்லை. இந்த ஒரு கேள்விக்குறியே அவர்களுடைய முதல்.

உண்மை என்ன? 1990-ல் கீசா பிரமிடுகளுக்குப் பக்கத்திலேயே அவற்றைக் கட்டிய தொழிலாளிகளின் சமாதிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அவர்கள் ரொட்டி சுட்ட அடுப்புகளும், தின்ற ஆடுமாடுகளின் எலும்புகளும் அங்கே வெட்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. 2013-ல் செங்கடற்கரையிலுள்ள வாடி அல்-ஜார்ப் என்னுமிடத்தில், மெரர் என்ற மேஸ்திரியின் தினக்குறிப்பு பாபிரஸ் ஏடுகளில் கிடைத்தது. தன் ஆட்களோடு தூரா மலையில் சுண்ணாம்புக்கல் ஏற்றி, படகில் கீசாவுக்குக் கொண்டுபோய் இறக்கிய கணக்கை அவன் 4,500 வருஷங்களுக்கு முன் நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறான். இவ்வளவு இருந்தும், அம்மக்களின் வியர்வைக்குரிய பெருமையை ஆகாயத்துக்குத் தூக்கிக் கொடுப்பது என்ன நியாயம்? கல் சுமந்தவன் ஒருவன், பெயர் பெறுகிறவன் கண்ணுக்குத் தெரியாத மற்றொருவன் என்பது நமக்குப் புதிய அனுபவமல்லவே!

குற்ற வழக்குகளைப் பற்றிய படங்களில் ஒரு மனிதனின் உயிரும் மானமும் பணயமாகின்றன. 2015-ல் வெளிவந்த "தி ஜின்க்ஸ்" தொடரின் முடிவில், ராபர்ட் டர்ஸ்ட் என்னும் பணக்காரர் தனியே முணுமுணுத்தது குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஒலித்தது. அவ்வார்த்தைகள் வெட்டி, வரிசை மாற்றி ஒட்டப்பட்டவை என்பது 2019-ல் கோர்ட்டு தஸ்தாவேஜுகளால் தெரியவந்தது. 2021-ல் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றே தீர்மானித்தார்கள். அது வேறு விஷயம். பணக்காரருக்கு வக்கீல்கள் இருந்தார்கள். ஏழை ஒருவனின் பேச்சை இப்படி வெட்டி ஒட்டினால் கேட்பார் யார்?

"இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே, இதற்கேன் இவ்வளவு ஆத்திரம்?" என்று சிலர் கேட்கலாம். பொழுதுபோக்கென்றால் நாடகம் என்று பெயர் வைக்கட்டும். நாமும் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். பாலென்று சொல்லிச் சுண்ணாம்புத் தண்ணீர் விற்பவனை வியாபாரி என்று யாரும் சொல்வதில்லை.

உண்மைப் படமே கூடாதென்பது நமது அபிப்பிராயமல்ல. 1992-ல் அமெரிக்காவின் நோவா தொடரில், மார்க் லேனர் என்ற ஆராய்ச்சியாளரும் ரோஜர் ஹாப்கின்ஸ் என்ற கல்தச்சரும் எகிப்தியக் கல்லுடைப்பவர்களைக் கொண்டு கீசாவுக்கருகே ஒரு சிறு பிரமிடைக் கட்டிக் காட்டினார்கள். 22 நாளில் 186 கற்கள் வெட்டப்பட்டன. இரும்பு உளியையும் கல் தூக்க இயந்திரத்தையும் தாங்கள் உபயோகித்ததை அவர்கள் மறைக்கவில்லை. தன் குறையைத் தானே சொல்லுகிற படம்தான் நம்புதற்குரிய படம்.

ஆதலால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். பேசுகிறவன் யார்? காட்டுவது நடந்ததா, நடித்ததா? இதற்கு ருசு எங்கே? குழந்தைகளையும் இப்படியே கேட்கப் பழக்குங்கள். சாஸ்திரம் சொல்லுகிறது என்றால் நம்பக்கூடாதென்று கற்றுக்கொண்ட நாம், பெட்டி சொல்லுகிறது என்றால் மட்டும் நம்பிவிடுவது பகுத்தறிவாகாது.