தொழில் தெளிவு: புதிய வினாமுறையை ஏற்பதா, விடுப்பதா?

நம் தாராவி, மாதுங்கா, செம்பூர் இல்லங்களில் கணிப்பொறித் தொழில் புரியும் பிள்ளைகள் இன்று பலர். அவர்தம் அலுவலகங்களில் எழும் வழக்கொன்றை இம்மாதம் ஆராய்வோம். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2007ஆம் ஆண்டு சி-ஷார்ப் மொழியின் மூன்றாம் பதிப்பில் 'லிங்க்' என்னும் வினாமுறையைச் சேர்த்தது. பட்டியலாயினும் தரவுத்தளமாயினும், 'இன்ன தகுதியுடையவற்றைத் தருக' என்று நிரல் மொழியிலேயே கேட்கலாம். பழைய நிரல்களைக் காத்துவரும் குழுவினர் இதனை ஏற்கலாமா என்பதே வினா.

இரயில்வே ஊழியராகிய நமக்கு இஃது அயலான வினாவன்று. பேரேட்டைப் புரட்டி வரிவரியாகப் பெயர் தேடுவது போன்றதே பழைய நிரல்முறை. வேண்டியதை மட்டும் சொல்லிப் பெறுவது புதிய முறை. பத்து வரி இரண்டாகச் சுருங்கும். எழுதியவர் கருத்து வெளிப்படையாகும். பெயர்ப் பிழைகள் பலவற்றை ஓடுமுன்னரே கம்பைலர் காட்டிவிடும். இவை மெய்யான நன்மைகள்.

ஆயினும் இரண்டிடத்தில் விழிப்பு வேண்டும். ஒன்று: வினாவை எழுதியவுடன் அது பெரும்பாலும் இயங்குவதில்லை, விடையை எடுக்கும்போதே இயங்கும். இருமுறை எடுத்தால் இருமுறை தேடும்; இடையில் பட்டியல் மாறினால் விடையும் மாறும். நாகர்கோவில் வண்டியில் இடமுண்டு என்று சொல்லி, சீட்டுக் கொடுக்கும்போது இல்லையென்றால், குழந்தை குட்டியுடன் வரிசையில் நிற்பவர் என் செய்வார்? மற்றொன்று: சலிப்பது எங்கே என்பது. தரவுத்தளத்திலேயே சலித்தால் பத்து வரி வரும். முழுவதையும் இறக்கிவிட்டுச் சலித்தால் இலட்சம் வரியும் வந்து குவியும். விடை சரியாகவே இருக்கும். வேகம் மட்டும் குன்றும். நூறு வரி கொண்ட சோதனையில் இது புலப்படாது.

ஆதலின் நாம் கூறுவது இது. செவ்வனே ஓடும் பழைய நிரலை நாகரிகத்திற்காக மாற்ற வேண்டா. புதிதாக எழுதும் சிறு பகுதியில் தொடங்குக. தரவுத்தளத்திற்குச் செல்லும் எஸ்.க்யூ.எல். வினாவை நேரில் பார்த்து உறுதி செய்க. குழுவில் யாவரும் கற்ற பின்னரே பரவச் செய்க. ஒருவருக்கே விளங்கும் நிரல், அவர் விலகிய மறுநாள் பிறர்க்குச் சுமையாகும்.

இரயில்வேயும் இவ்வாறே நடந்தது. 1985இல் தில்லியில் தொடங்கிய கணிப்பொறி முன்பதிவு, தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் என்னும் ஐந்து மையங்களும் இணைந்து நாடு தழுவியது 1999இல்தான். கற்க மறுப்பது பிழைப்பைக் கெடுக்கும். ஆராயாது ஏற்பது பிறர் வேலையைக் கெடுக்கும். இவ்விரண்டையும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பது பெற்றோர் கடமையாகும்.