மாங்கொட்டை முழுங்கிய நாய்க்கு உப்புத் தண்ணியா? வேண்டவே வேண்டாம்!

பங்குனித் திருவிழாக் கூட்டம் கலைந்து, முத்துமாரியம்மன் கோவில் தெரு கொஞ்சம் மூச்சுவிடும் நேரத்தில் நார்த்தாமலைக்கு மாம்பழ சீசன் வந்துவிடும். சப்பி எறிந்த கொட்டை வாசலில் கிடக்கும். நாய் சும்மா இருக்குமா? வாசனைக்கு ஆசைப்பட்டு லபக்கென்று முழுங்கிவிடும்.

வழுவழுப்பான கொட்டை தொண்டையில் சுலபமாக இறங்கும். குடலில் போய்ச் சிக்கும். அடைத்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்று குடல் அழுக ஆரம்பிக்கும். "தண்ணி குடிச்சாலும் கக்குது, சுருண்டு படுத்துக் கெடக்குது" என்று வீட்டுக்காரர் பதறும்போது ரெண்டு நாள் ஓடிப்போயிருக்கும்.

அந்த ரெண்டு நாளும் நடப்பது கை வைத்தியம்! பக்கத்து வீட்டுப் பெரியம்மா உப்பைக் கரைத்து ஊற்றச் சொல்வார். டீக்கடைக்காரர் விளக்கெண்ணெய் என்பார். நல்லெண்ணம்தான். ஆனால் உப்பு ரத்தத்தில் ஏறினால் வலிப்பு வந்து நாய் செத்தே போகலாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது தனி வம்பு.

ஊசி, ஆணி முழுங்கிய நாயை வாந்தி எடுக்க வைப்பது இன்னும் மோசம். வரும் வழியெல்லாம் குத்திக் கிழிக்கும். பட்டன் பேட்டரி என்றால் சில மணி நேரத்திலேயே தொண்டை வெந்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்கினால் பிடித்து இழுக்கக் கூடாது. குடலை அறுத்துவிடும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். சோறு போடாமல் உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவது. முழுங்கியது என்ன, எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். அதே மாதிரிப் பொருள் இன்னொன்று இருந்தால் கையோடு கொண்டுபோகலாம். எக்ஸ்ரேயில் ஆணியும் எலும்பும் தெரியும். துணியும் பிளாஸ்டிக்கும் லேசில் தெரியாது. ரெண்டு மணி நேரத்துக்குள் போனால், பொருளைப் பார்த்து டாக்டரே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கவும் வழி உண்டு. தாமதித்தால் கத்திதான்.

"நாய்க்கு ஆபரேஷனா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. 2019 அக்டோபரில் சென்னையில் ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக டாக்டர்கள். அஞ்சு மணி நேரத்துக்கும் மேல் ஆபரேஷன்! (பிளாஸ்டிக் பைக்குத் தமிழகத்தில் தடை வந்ததும் அதே வருஷம்தான்.) பால் கறக்கும் மாட்டுக்கு ஓடுகிறவர்கள், ராத்திரி முழுக்கக் காவல் காக்கும் நாய்க்கு மட்டும் "ஆத்தா விட்ட வழி" என்கிறார்கள். இது என்ன நியாயம்?

நியாயம் கேட்கும்போது ஊர்க்காரர் கஷ்டத்தையும் பார்க்க வேண்டும். புதுக்கோட்டைக்குச் சுமார் 17 கிலோமீட்டர். நாயோடு நின்றால் பஸ்ஸில் யார் ஏற்றுவார்கள்? ஆட்டோவுக்கு அன்றைய கூலி போய்விடும். பக்கத்துக் கால்நடை டாக்டரின் நேரத்தையும், கால்நடை உதவிக்கான 1962 எண்ணையும் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பெரிசாக எழுதிவைக்கட்டும். பெயிண்ட் செலவு எவ்வளவு ஆகிவிடும்? மாவட்டத் தலைநகரில் ராத்திரியிலும் எக்ஸ்ரே, ஆபரேஷன் வசதியோடு டாக்டர் இருக்க வேண்டும். நாய் நேரம் பார்த்தா முழுங்குகிறது?

அதுவரை, சப்பிய கொட்டையை வாசலில் எறியாமல் கொல்லையில் குழி தோண்டிப் போடலாம். முளைத்தால் மாமரம்!