எல்லாம் அடக்கம்!

“இன்னும் ரெண்டு அப்பம் கொண்டு வரவா?” என்று கேட்டான். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். அவன் தட்டில் ஏற்கெனவே ஆம்லெட், வாஃபிள், தர்பூசணி, பாதி கடித்த குரோசான்ட். மூன்றாவது முறை எழுந்து போய் எடுத்து வந்தது.

“காசு கட்டியாச்சுல்ல, சாப்பிடு. எல்லாம் அடக்கம்!”

மாலத்தீவில் ஒரு ரிசார்ட். கல்யாணமாகி ஒன்பதாவது நாள். பேர் வேண்டாம். பெண் நாகர்கோவில், மாப்பிள்ளை திருநெல்வேலி, வேலை பெங்களூரில். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் போனில் நிறையப் பேசியிருக்கிறார்கள். பிடித்த நடிகர், பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு. பணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“காசு கட்டியாச்சு” என்று அவன் சொன்னபோது அவள் கண்ணில் வந்தது அம்மாவின் வெறும் கை. இந்த நான்கு ராத்திரி, ஐந்து பகலுக்காக அம்மாவின் இரண்டு வளையல்கள் வங்கியில் அடகு போயிருக்கின்றன. பேக்கேஜ் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் நகைக்கும் செலவழித்த பிறகு கையில் மிச்சம் இல்லாமல் எடுத்த முடிவு அது. மாப்பிள்ளைக்கு இது தெரியாது. ‘மாமா ஆசையா ஏற்பாடு பண்ணித் தந்தாங்க’ என்றுதான் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

சீர்வரிசைப் பட்டியலில் கட்டில், பீரோ, பைக் எல்லாம் போய், இப்போது பல வீடுகளில் தேனிலவும் சேர்ந்துவிட்டது. யாரும் வாய் திறந்து கேட்பதில்லை. “நாங்க ஒண்ணும் எதிர்பார்க்கல, சின்னஞ்சிறுசுங்க எங்கயாவது போயிட்டு வரட்டும்” என்று சொன்னால் போதும். அடுத்த வாரமே பெண்ணின் அப்பா டிராவல்ஸ் ஆபீஸில் உட்கார்ந்திருப்பார். வரதட்சணை என்று சொன்னால் கோபம் வரும். ஆசைக்குச் செய்வது என்றால் வராது.

டிராவல்ஸ்காரர் அவருக்கு விற்றது ‘ஆல் இன்க்ளூசிவ்’ பேக்கேஜ். தங்கும் அறை, மூன்று வேளை சாப்பாடு, இடையில் கொறிக்க, குடிக்க, எல்லாவற்றுக்கும் ஒரே தொகை, முன்பணமாக. இந்த ஏற்பாட்டுக்கு வயது எழுபத்தைந்துக்கு மேல். 1950-ல் ஸ்பெயினின் மயோர்கா தீவில், அல்குடியா கடற்கரையில், பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜெரார் பிளிட்ஸ் என்ற வாட்டர் போலோ வீரர் கூடாரங்கள் அடித்து ‘கிளப் மெட்’ என்ற விடுமுறை முகாமைத் தொடங்கினார். தங்க, சாப்பிட, விளையாட ஒரே கட்டணம். ஆனால், பின்னாளில் அந்த முகாம்களின் பாரில் குடிக்க மட்டும் தனியாகப் பாசிமணி வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கிளாஸுக்கும் மணியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ‘எல்லாம்’ என்ற சொல்லில் அப்போதே ஓட்டை இருந்திருக்கிறது!

ஜோடிகளுக்கு மட்டும் என்று இதை மாற்றியது ஜமைக்கா. 1978-ல் ஒச்சோ ரியோஸில் ‘கப்பிள்ஸ்’, 1981-ல் மான்டேகோ பேயில் ‘சாண்டல்ஸ்’. அதன் பிறகு தேனிலவும் கடற்கரையும் ‘எல்லாம் அடக்க’மும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

மாலத்தீவில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. அங்கே சுமார் 1,200 தீவுகள். பெரும்பாலானவற்றில் ஊர் கிடையாது. அப்படி ஆள் இல்லாத தீவை எடுத்து, ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்று கட்டினார்கள். 1972-ல் திறந்த முதல் ரிசார்ட்டின் பெயர் குரும்பா. அவர்களுடைய திவேஹி மொழியில் இளந்தேங்காய் என்று அர்த்தம். குமரிக்காரர்களுக்குக் குரும்பை என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தீவில் ஒரே ரிசார்ட் என்றால் வெளியே நடந்து போய் டீ குடிக்கக் கடை கிடையாது. தண்ணீர் பாட்டிலிலிருந்து தலைவலி மாத்திரை வரை அவர்களிடம்தான், அவர்கள் சொல்லும் விலைக்குத்தான். அதனால் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவது அங்கே புத்திசாலித்தனம். கோவளத்துக்கோ கோவாவுக்கோ போகிறவர்களுக்கு இது தேவையே இல்லை. தெருவில் இறங்கினால் நல்ல மீன் சாப்பாடு கிடைக்கிற ஊரில் பஃபேக்குப் பணம் கட்டி அடைந்து கிடப்பானேன்?

சரி, மாலத்தீவின் ‘எல்லாம்’ என்பதில் எது இல்லை? பெரும்பாலான பேக்கேஜ்களில் ஸ்பா இல்லை, ஸ்கூபா டைவிங் இல்லை, ஜெட் ஸ்கீ இல்லை. மணலில் மெழுகுவத்தி ஏற்றி இருவருக்கு மட்டும் பரிமாறும் டின்னர் இல்லை. ரிசார்ட் புகைப்படக்காரர் எடுக்கும் படங்கள் இல்லை. அறையிலுள்ள குட்டி ஃப்ரிட்ஜ் சில இடங்களில் உண்டு, சில இடங்களில் பாட்டிலைத் திறந்தாலே பில். தூரத்துத் தீவு என்றால் கடல் விமானம். போய்வர ஒருவருக்கே பல நூறு டாலர் ஆகும். பகலில் மட்டும்தான் பறக்கும். சாயங்காலத்துக்கு மேல் மாலேயில் இறங்கினால் அன்றைய இரவு அங்கேயே தங்க வேண்டும், அது தனிச் செலவு.

இன்னொன்று, மெனு அட்டையில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கும். பார்க்க அழகாக, பொடியாக. ஒன்று 10 சதவிகித சேவைக் கட்டணம். மற்றது சுற்றுலாவுக்கான ஜி.எஸ்.டி., 2025 ஜூலையிலிருந்து 17 சதவிகிதம். சேவைக் கட்டணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் வரி. 100 டாலர் என்று போட்டிருந்தால் கொடுக்க வேண்டியது கிட்டத்தட்ட 129 டாலர். இது போக ரிசார்ட்டில் தங்கும் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி. சில பேக்கேஜ்களில் சேர்ந்திருக்கும், சிலவற்றில் கிளம்பும்போது கேட்பார்கள். நாகர்கோவில் அப்பாவுக்குக் கிடைத்தது இரண்டாவது ரகம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். மணலில் இதயம் போல் வெட்டிய பள்ளம், நடுவில் மேஜை, சுற்றிலும் விளக்குகள். அவளுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. ஒன்பது நாளாகப் பெரியவர்கள் சொன்ன இடத்தில் நின்று, சொன்ன பக்கம் திரும்பி போட்டோ எடுத்துக்கொண்டவளுக்கு, இது அவன் தானாகச் செய்தது என்பதே பெரிதாக இருந்தது. முதல் நாள் டால்பின் பார்க்கப் படகில் போனதும் அவன் ஏற்பாடுதான். “இதுவும் பேக்கேஜ்தானா?” என்று கேட்டாள். “பின்ன? எல்லாம் அடக்கம்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பியிருந்தான்.

நான்காம் நாள் மழை. ஆவணியில் கல்யாணம் வைத்தால் அப்படித்தான். மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. வைகாசி, ஆவணி முகூர்த்தத்துக்குப் பேக்கேஜ் விலை குறைவாகக் கிடைப்பதன் ரகசியம் இதுதான். தையில் முகூர்த்தம் என்றால் வானம் பளிச்சென்று இருக்கும், விலையும் கூடவே ஏறியிருக்கும்.

காலையிலிருந்து அறைக்குள்ளேயே. இங்கேதான் இந்த ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் தெரிகிறது. எந்தக் கடையில் சாப்பிடலாம், பஸ்ஸா ஆட்டோவா, இது ரொம்ப விலை இல்லையா என்று ஒரு புது ஜோடி சாதாரண ஊரில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கலந்து பேசியாக வேண்டும். அவன் பேரம் பேசுவானா, அவளுக்கு வழி கேட்கக் கூச்சமா, யார் கணக்கு எழுதி வைப்பார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் ஒருவருக்கு ஒருவர் தெரியவரும். எல்லாவற்றையும் யாரோ முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட தீவில் அதற்கு வழியே இல்லை. காதலித்துக் கட்டியவர்களுக்கு இந்த ஓய்வு சுகம். ஒன்பது நாள் பழக்கத்தில் வந்தவர்களுக்கு, பேச விஷயம் தீர்ந்த பிறகு நீலக் கடல்கூட கொஞ்சம் நீளமாகத்தான் தெரியும்.

புதுப்பெண்ணுக்கு வேறு தனிக் கவலைகள். மஞ்சள் கயிற்றில் உப்புத் தண்ணீர் படலாமா என்று அம்மாவுக்கு போன். நனைந்த டிஷர்ட்டில் எடுத்த படத்தை அவன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவானோ என்ற பயம். பயணத் தேதி அவளைக் கேட்காமல் குறித்தது. மாதவிலக்கு அதே வாரம் வருகிறது என்பதை யாரிடம் சொல்வது? டாக்டரைக் கேட்காமல் பக்கத்து மெடிக்கலில் தள்ளிப்போடும் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுக் கிளம்பியிருந்தாள். தேனிலவுத் தேதியை மணப்பெண்ணிடம் கேட்டுவிட்டுக் குறிப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. அதைத்தான் எந்த வீட்டிலும் செய்வதில்லை.

மழையில் பொழுது போகாமல், அப்பா அனுப்பியிருந்த பேக்கேஜ் விவரத்தை போனில் திறந்து படித்தாள். இரண்டு பக்கம். ‘சேராதவை’ என்ற தலைப்பு கடைசியில், சின்ன எழுத்தில் இருந்தது. கடற்கரை டின்னர், டால்பின் படகு, பசுமை வரி, மூன்றும் அதில்.

“இதுல இல்லீங்க” என்று போனை நீட்டினாள்.

அவன் படித்தான். டின்னர் 150 டாலர், படகு ஆளுக்கு 60. கூட்டல் குறிகளையும் பசுமை வரியையும் சேர்த்தால் 443 டாலர். ரூபாயில் நாற்பதாயிரத்தை நெருங்குகிறது. கார்டில் தேய்த்தால் அந்நியச் செலாவணிக் கட்டணம் வேறு. அவன் முகம் சுருங்கியது. “மாமா புக் பண்ணும்போது நல்லா கேட்டு பண்ணியிருக்கலாம்ல?” என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான்கு நாளாக அடக்கி வைத்திருந்தது அந்த இடத்தில் உடைந்தது. “அப்பா கேட்கல, சரி. அம்மாவோட வளையல வச்சுத்தான் கட்டினாங்க. அதையும் யாரும் கேட்கல” என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “எங்கம்மா கேட்டாங்களா?” என்றான். “நேரா கேட்கல.” அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் புரிந்தது. மத்தியானம் பஃபேக்குப் போனார்கள். அவன் சோறும் பருப்பும் மட்டும் எடுத்து வந்தான். அன்றுதான் முதல் தடவையாகச் சம்பளம் எவ்வளவு, கல்விக்கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி, தங்கைக்கு என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்றெல்லாம் சொன்னான். அவளும் சொன்னாள், தன் பெயரில் ஒரு ஆர்.டி. இருக்கிறது, கல்யாணத்துக்கு முன் அதை உடைக்க அப்பா விடவில்லை என்று. மழை விட்டபோது விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த இரண்டு பக்கத்தை இருவரும் சேர்ந்து படித்திருக்கலாம். ‘சேராதவை’யை முதலிலும் ‘சேர்ந்தவை’யை அப்புறமும். படகா, கடல் விமானமா, வரியெல்லாம் உள்ளேயா வெளியேயா, ஃப்ரிட்ஜுக்குக் காசு உண்டா என்று எழுத்தில் பதில் வாங்கியிருக்கலாம். வாய்வார்த்தை கடல் தாண்டினால் செல்லாது. கடல்தான் வேண்டும், செலவு கட்டுக்குள் வேண்டும் என்றால் மாஃபுஷி மாதிரி ஜனங்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன. அங்கே மது கிடையாது, நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை, மற்றபடி கடை கண்ணி உள்ள ஊர். வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டிராவல்ஸ்காரர் பிடிக்கும் டி.சி.எஸ். வரியும் தொலைந்துபோன பணமில்லை. யாருடைய பான் எண்ணைக் கொடுத்தார்களோ அவர் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைக் கழித்துக்கொள்ளலாம், கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் திரும்பப் பெறலாம். ஓய்வு பெற்ற அப்பாக்கள் பலர் தாக்கல் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

ஐந்தாம் நாள் காலை அவன் தன் கார்டில் பில்லைக் கட்டினான். படகுத்துறையில் ரிசார்ட் ஊழியர் சின்னக் கத்தரிக்கோலால் இருவர் கையிலும் இருந்த ரிசார்ட் பட்டையை வெட்டி எடுத்தார். மருதாணிக் கோலத்துக்கு நடுவே பட்டை இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. படகு கிளம்பியது. மாலேயிலிருந்து திருவனந்தபுரம் ஒன்றரை மணி நேரம்தான், அங்கிருந்து காரில் நாகர்கோவில்.

“நேரா உங்க வீட்டுக்குப் போயிட்டு அப்புறம் திருநெல்வேலி போவோம்” என்றான்.

“அத்தை காத்துக்கிட்டு இருப்பாங்களே?”

“நான் சொல்லிக்கிறேன்.” கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். “வளையல் எந்த பேங்க்ல இருக்கு?”

சொன்னாள்.

“வட்டி எவ்வளவு?”

அதையும் சொன்னாள்.