பிள்ளை மறைத்தான், பெற்றவர்கள் சுமந்தார்கள்

ராபர்ட்சன்பேட்டை: தீவிரவாதத்தில் இறங்கும் இளைஞன் முதலில் ஏமாற்றுவது சொந்த வீட்டாரைத்தான். விஷயம் வெடித்த பிறகு முதலில் அகப்படுவதும் அந்த வீட்டார்தான். ராஜீவ்காந்தி கொலை வழக்கு இதற்குப் பெரிய சாட்சி.

கேமரா சொன்ன சேதி

1991 மே 21-ந் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்தது. ராஜீவ்காந்தியோடு போலீஸ் சூப்பிரண்டு முகமது இக்பால், சிறுமி கோகிலவாணி உள்படப் பலர் மாண்டனர். சென்னையைச் சேர்ந்த இளம் போட்டோகிராபர் அரிபாபுவும் அதில் இறந்தார். தொழிலுக்குப் போன இடத்தில் பலியான பையன் என்றே முதலில் எல்லோரும் இரக்கப்பட்டனர்.

ஆனால் அவருடைய கேமரா உடையாமல் கிடைத்தது. கையில் மாலையுடன் நின்ற தணுவின் முகம் அந்தப் படச்சுருளில் இருந்தது. பிறகு நடந்த சோதனையில், பூம்புகார் விற்பனை நிலையத்தில் சந்தன மாலை வாங்கிய ரசீதும் சிக்கியது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் மேலேயே சந்தேகம் விழுந்தது. பதில் சொல்ல வேண்டியவனோ உயிரோடு இல்லை.

விருந்தாளியால் வந்த வினை

நளினியின் தாயார் பத்மா ஒரு நர்ஸ். இலங்கைத் தமிழருக்கு உதவுவது கடமை என்று அந்நாளில் தமிழ்நாட்டில் பல வீடுகளும் நினைத்தன. "தாஸ்" என்ற பெயரில் வந்து பழகிய முருகன் அந்தக் குடும்பத்தில் ஒருவரானார். முடிவு என்ன? தாய், மகள், மகன் மூவரும் சிறை சென்றனர். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா கோர்ட்டு 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது.

1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தாயையும் மகனையும் உள்ளிட்ட 19 பேரை விடுவித்தது. ஆனால் போன 8 ஆண்டுகளை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது. நளினிக்குச் சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. அவர் விடுதலையானது 2022 நவம்பரில்தான்.

பெங்களூரிலும்...

சிவராசனும் சுபாவும் கடைசியாகப் பதுங்கியது பெங்களூரை அடுத்த கோணனகுண்டேயில். 1991 ஆகஸ்டு 20-ந் தேதி காலையில் அதிரடிப்படை உள்ளே நுழைந்தபோது 7 பேரும் பிணமாகக் கிடந்தனர். அடைக்கலம் கொடுத்ததாகப் பிடிபட்ட உள்ளூர்க்காரரும் தூக்குத் தண்டனை பெற்று, 1999-ல்தான் விடுதலையானார்.

கேட்பது தவறல்ல

2001-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின், இங்குள்ள பிள்ளைகள் விடியற்காலை ரெயிலில் பெங்களூர் சென்று இரவில்தான் வீடு திரும்புகிறார்கள். பகலெல்லாம் யாரோடு பழகுகிறார்கள் என்பது பெற்றவர்களுக்குத் தெரிவதில்லை. கொள்கைப் பற்று குற்றமல்ல. ஆனால் பெயரை மறைக்கும் நண்பர், கணக்கில்லாத பணம், பிரித்துப் பார்க்கக் கூடாத பொட்டலம், "அம்மாவிடம் சொல்லாதே" என்ற பேச்சு, இவை வீட்டுக்குள் வந்தால் கேட்டே ஆக வேண்டும். பிள்ளை கோபித்துக் கொள்வான். கோபம் நாலு நாளில் ஆறிவிடும். கோர்ட்டு வாசலில் நிற்கும் தாயின் துயரத்துக்கு 31 ஆண்டுகளும் போதவில்லை.