சாக்கில் கட்டிய பூனையும் காசு கொடுத்து வாங்கிய பூனையும்

கடந்த மாதம் கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில் பேசினாள். "அப்பா, சின்னவள் பூனை வேணுமெண்டு ஒரே அடம். வாங்கிக் குடுக்கலாமோ? நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில், அரசியல் தீர்வு தொடக்கம் அரிசி விலை வரை என்னிடம் அபிப்பிராயம் கேட்டவர்கள் பலர். பூனையைப் பற்றி இதுவரை எவரும் கேட்டதில்லை. உடனடியாகப் பதில் கூற இயலாமல் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு நாட்களிலும் எண்ணிப் பார்த்தவற்றையே இங்கு எழுதுகின்றேன். முதன்முதலாகப் பூனை வளர்க்க நினைக்கும் ஏனையோருக்கும் இது பயன்படக்கூடும்.

ஆலோசனை கூறும் தகுதி எனக்கு உண்டா என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது எமது வீட்டுப் பூனை அடுப்படிக்குப் பின்னால் நான்கு குட்டிகளை ஈன்றது. அவை கண் திறந்த சில நாட்களில் ஐயா என்னிடம் ஒரு சாக்கைத் தந்தார். குட்டிகளை அதற்குள் போட்டு, சைக்கிள் கரியரில் கட்டி, இரண்டு கட்டைக்கு அப்பாலுள்ள சந்தையடியில் விட்டுவிட்டு வந்தேன். "மீன் சந்தைதானே, பிழைச்சுக்கொள்ளும்" என்றார் ஐயா. தாய்ப்பூனை மூன்று நாட்கள் அடுப்படியைச் சுற்றிக் கத்தித் திரிந்தது. அதே ஆண்டில் அது மீண்டும் ஈன்றது. சாக்கும் மீண்டும் சந்தைக்குப் போனது. இரண்டாம் முறை கொண்டுபோனவன் தம்பி.

ஐயா கொடியவர் அல்லர். ஊர் முழுவதும் அப்படித்தான் செய்தது. ஆனால் கண் திறந்து சில நாளேயான குட்டி மீனைத் தின்னாது; தாய்ப்பாலை விட்டால் அதற்கு வேறு உணவில்லை. "பிழைச்சுக்கொள்ளும்" என்பது எமது மனச்சாட்சிக்கு நாமே சொல்லிக்கொண்ட பொய். அந்தப் பொய் இன்றும் வழக்கிலிருக்கிறது. சந்தையடி, கோயில் வீதி, பாடசாலை மதிலோரம் என்று குட்டிகள் விடப்படாத ஊர் எமது நாட்டில் உண்டா? சாக்கின் இடத்தைக் கடதாசிப் பெட்டி பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் மாற்றம்.

ஆகவே எனது முதலாவது கருத்து இதுதான். எந்தப் பூனை என்று கேட்பதற்கு முன்னர், எத்தனை ஆண்டுகளுக்கு என்று கேட்க வேண்டும். நன்கு பராமரிக்கப்படும் வீட்டுப் பூனை 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியது. பத்து வயதுச் சிறுமி கேட்கும் பூனை, அவள் பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குப் போகும் காலத்திலும் வீட்டில் இருக்கும். இடையில் அவள் வேறு நகரத்துக்குப் போவாள். பூனை தாயின் பொறுப்பில் விடப்படும். எனவே பூனை என்பது பிறந்தநாள் பரிசு அல்ல. அந்த வீட்டின் பெரியவர்கள் தமக்காக எடுக்க வேண்டிய முடிவு அது.

அடுத்தது தெரிவு. எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. பன்னிரண்டு வாரம் வரை விட்டுவைத்தால் இன்னும் நல்லது. கடிக்காமல் விளையாடவும், மண்ணில் கழித்து மூடவும், அளவாக அஞ்சவும் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமுமே அது பழகுகிறது. இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் மனிதரின் கைபட்டு வளர்ந்த குட்டிதான் பின்னர் மனிதரோடு இசைவாக இருக்கும். கண்ணில் பீளையும் மூக்கில் சளியும் இருக்கக்கூடாது. காதுக்குள் கறுத்த அழுக்கு இருந்தால் அது உண்ணி. வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தால் அது புழு. இவை மருந்தில் தீரக்கூடியவை. எனினும் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது. மூலையில் பதுங்கிச் சீறும் குட்டியிடம் இரக்கம் பிறப்பது இயல்பே. ஆனால் முதன்முதலாக வளர்ப்பவருக்கு, சற்றுத் தயங்கிவிட்டுத் தானாகவே அருகில் வரும் குட்டிதான் பொருத்தமானது.

குட்டியைத்தான் எடுக்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டுக்கும், என்னைப் போன்ற வயதானவர்களின் வீட்டுக்கும், இரண்டு மூன்று வயதான பூனையே சிறந்தது என்பேன். அதன் குணம் ஏற்கெனவே தெரிந்திருக்கும். திரைச்சீலையில் ஏறும் பருவமும் கடந்திருக்கும்.

இனப்பூனை மோகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொழும்பில் வாழும் எனது நண்பர் ஒருவர், ஓய்வூதியக்காரர், தமது ஒரு மாத ஓய்வூதியத்தை விட அதிகமான தொகை கொடுத்துப் பாரசீகப் பூனைக்குட்டி ஒன்றை வாங்கினார். மூன்று மாதக் குட்டி, ஊசியெல்லாம் போட்டாயிற்று என்று விற்றவர் சொன்னார். ஊசி அட்டையைக் காட்டவில்லை, நண்பரும் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் குட்டி உண்பதை நிறுத்தி வாந்தியெடுத்தது. குடலையும் வெண்குருதிக் கலங்களையும் தாக்கும் வைரசு நோய் என்றார் மிருக வைத்தியர். எட்டாம் நாள் அது இறந்தது. விற்றவரின் தொலைபேசி அதன் பின்னர் இயங்கவில்லை. நண்பரின் மனைவி அந்தக் குட்டிக்கு ஒரு பெயர் வைத்திருந்தார். இன்றும் அவர் முன்னிலையில் நாங்கள் பூனையைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த வைரசு ஒரு வீட்டில் பல மாதங்கள் உயிரோடு தங்கியிருக்கும் என்பதால், ஊசி போடாத இன்னொரு குட்டியை அங்கு கொண்டுவரவும் முடியாது.

தட்டை முகத்துப் பாரசீகப் பூனைகளுக்கு மூச்சுத் திணறலும் ஓயாமல் கண்ணீர் வடிதலும் இயல்பாகவே உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் தோன்றும் பரம்பரை நோயும் இந்த இனத்தில் நன்கு அறியப்பட்டது. அந்த அடர்ந்த மயிரை நாள்தோறும் வார வேண்டும். எமது வெக்கையில் அதற்கு அது போர்வை அல்ல, தண்டனை. மறுபுறம் ஒரு வேடிக்கையையும் பாருங்கள். 1984 இல் இலங்கைக்கு வந்த இத்தாலிய மிருக வைத்தியர் ஒருவர் இங்குள்ள சாதாரணப் பூனைகளின் அழகில் மயங்கிச் சிலவற்றைத் தமது நாட்டுக்குக் கொண்டுபோனார். அவற்றின் வழிவந்தவை இன்று 'சிலோன் பூனை' என்ற பெயரில் தனியொரு இனமாகப் போற்றப்படுகின்றன. நெற்றியிலுள்ள கோடுகள் நாகபடத்தை ஒத்திருப்பது அதன் சிறப்பாம். நாம் சாக்கில் கட்டிச் சந்தையில் விட்டதை அவர்கள் கண்காட்சியில் வைக்கிறார்கள்.

உணவைப் பொறுத்தவரை எமக்குள்ள முதலாவது தவறான நம்பிக்கை பால். பூனையும் பாலும் எமது மொழியில் பிரிக்க முடியாதவை. கம்பரே தமது அவையடக்கத்தில், பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டார். ஆனால் வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பசுப்பாலிலுள்ள சர்க்கரை சமிக்காது, வயிற்றோட்டமே மிஞ்சும். பாலைக் கண்டு ஓடிய தெனாலிராமனின் பூனைதான் உண்மையில் விவேகமான பூனை! பூனைக்கு எந்நேரமும் வேண்டியது சுத்தமான தண்ணீர்.

இரண்டாவது, பூனை கட்டாய ஊனுண்ணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டோரின் என்ற பொருள் போதாதபோது அதன் கண்பார்வை கெடும், இதயமும் தளரும். இதயத் தளர்ச்சிக்கான காரணம் இதுதான் என்பதை 1987 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர். ஆகவே மச்சம் புழங்காத சைவ வீட்டார் பூனை வளர்ப்பதானால், அதற்கென மீனோ பூனை உணவோ வீட்டுக்குள் வருவதற்கு முதலில் மனம் ஒப்ப வேண்டும். தயிர்ச்சோற்றில் வளரும் பூனை வெளியே எலி பிடித்துத் தின்பதாலேயே உயிர் வாழ்கிறது. வீட்டுக்குள் அடைத்துவிட்டால் அதுவும் இல்லை. நாய் உணவும் பூனைக்குப் போதாது. எமது கறிகளில் சேரும் வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை அழிப்பவை. எனவே மீனை உப்பும் உறைப்பும் இன்றி வெறுமனே அவித்து, முள் நீக்கிக் கொடுக்க வேண்டும். அதையும் தனி உணவாகக் கொள்ளாமல், பூனைக்கென்றே நிறையூட்டித் தயாரித்த உணவோடு சேர்த்துக் கொடுப்பதே முறை.

காய்ச்சல் என்று எண்ணிப் பரசிற்றமோல் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரேயொரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். பூச்சாடியில் வைக்கும் லில்லிப் பூ அதன் சிறுநீரகத்தை அழிக்கும். நாய்க்கென விற்கும் தெள்ளு மருந்தும் பூனைக்கு நஞ்சாகலாம்.

கழிப்பிடத்துக்கு அகலமான தட்டும் மணலும் போதும். சாப்பாட்டுக் கோப்பைக்குத் தூரத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் வைத்து, நாள்தோறும் துப்புரவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிடுவது நல்லது. மலத்தினூடாகப் பரவும் டொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கும். எனினும் அது தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது செல்லும் என்பதால், நாளாந்தம் சுத்தம் செய்யும் வீட்டில், கர்ப்பம் என்பதற்காகப் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. தொடர்மாடியில் வாழ்பவர்கள் யன்னலுக்கும் மாடத்துக்கும் வலை அடிக்க வேண்டும். விழுந்தாலும் நான்கு காலில் நிற்கும் என்று நம்பி இருந்துவிடக்கூடாது. அப்படி நின்ற பூனைக்கும் தாடையும் நெஞ்சும் உடைகின்றன.

தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடுவது முறை. நீர்வெறுப்பு நோய்க்கான ஊசி மூன்று மாதமளவில் போடப்படும். இலங்கையிலோ இந்தியாவிலோ வாழ்பவர்கள் இதனைத் தவறவிடவே கூடாது. நாய் கடித்தால் பதறுகிறவர்கள் பூனை கீறினால் "பூனைதானே" என்று இருந்துவிடுகிறார்கள். ஊசி போடாத பூனையோ தெருப்பூனையோ கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அறிகுறி தோன்றிவிட்டால் இந்த நோயிலிருந்து மீள்பவர்கள் இல்லை என்றே கொள்ளலாம்.

இனி, நான் இதை எழுத முற்பட்டதற்கான காரணத்துக்கு வருகின்றேன். அது கருத்தடை. பெட்டைப் பூனை நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அது மீண்டும் சினைப்படலாம். ஐந்து மாதம் நிறைய முன்னரே சத்திரசிகிச்சை செய்துவிடுவது நல்லது. "பாவம், ஒரு தடவையாவது ஈனட்டும்" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த நான்கு குட்டிகளுக்கும் வீடு பார்த்துவிட்டீர்களா? ஈனுவதால் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை. மாறாக, உரிய காலத்தில் செய்யும் கருத்தடை மார்பகப் புற்றுநோய் அபாயத்தைப் பெருமளவு குறைக்கிறது. கடுவனுக்கும் செய்ய வேண்டும். இல்லையேல் அது ஊர் சுற்றிச் சண்டையிட்டுச் சீழ்ப்புண்ணோடு வந்து சேரும். அயலூர்ச் சந்தையில் விடப்படும் குட்டிகளுக்கும் தகப்பனாகும். இயற்கைக்கு விரோதம் என்ற வாதத்தையும் கேட்டிருக்கின்றேன். சாக்கு எந்த வகையில் இயற்கை?

சட்டத்தை நம்பிப் பயனில்லை. ஆங்கிலேயர் 1907 இல் இயற்றிய மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டத்தில் உயர்ந்தபட்ச அபராதம் 100 ரூபா. அந்தத் தொகை ஒரு நூற்றாண்டைக் கடந்தும் நின்றது. இங்கிலாந்திலோ 2024 ஜூன் 10 முதல் வீட்டுப் பூனை ஒவ்வொன்றுக்கும் உரிமையாளரை அடையாளம் காட்டும் நுண்சில்லு பொருத்துவது கட்டாயம். பூனைக்கு உரியவர் ஒருவர் உண்டு, அவர் பதில் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள்.

எம்மவர்களில் பலர் நாடு விட்டு நாடு போகிறவர்கள். நாய் ஆளோடு, பூனை வீட்டோடு என்று சொல்லி, பூனையைப் பூட்டிய வீட்டின் வாசலில் விட்டுப் போவோரையும் கண்டிருக்கின்றேன். அது சரியல்ல. புதிய வீட்டில் இரண்டு மூன்று வாரம் உள்ளேயே வைத்துப் பழக்கினால் பூனையும் கூடவே வரும். கொண்டுபோக முடியாதென்றால், புறப்படும் முன் அதற்கு ஒரு வீடு பார்த்துக் கொடுக்க வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்தபோது எமது வீட்டிலும் ஒரு பூனை இருந்தது. கிணற்றுக் கட்டில் இருந்து எம்மைப் பார்த்துக்கொண்டிருந்ததை இன்றும் மறக்கவில்லை. மறு ஆண்டு திரும்பியபோது அது எலும்பும் தோலுமாக வேலியோரம் நின்றது. கூப்பிட்டேன். சற்றுநேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டது, வரவேயில்லை. அன்று எமக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆனால் சாக்கைக் கரியரில் கட்டிய அன்று வழி இருந்தது.

இரண்டு நாள் கழித்து மகளிடம் சொன்னேன்: "வாங்காதை பிள்ளை. காப்பகத்துக்குப் போய், வளர்ந்த பூனை ஒண்டை எடு." அவர்கள் மூன்று வயதுச் சாம்பல் நிறப் பூனையொன்றை எடுத்து வந்திருக்கிறார்கள். நேற்றுப் பேத்தி பேசினாள். "அம்மப்பா, நீங்களும் சின்னனிலை பூனை வளத்தனீங்களோ?" என்று கேட்டாள். "ஓம்" என்றேன். சாக்கைப் பற்றிச் சொல்லவில்லை. தமிழ் வாசிக்கப் பழகியதும் இதை வாசித்து அறிந்துகொள்ளட்டும்.