பழைய காரும் பெயரில்லாத பிரேக் பேடும்

"வண்டியே ஒரு லட்சம் பெறாது சார், அதுக்குப் போய் கம்பெனி சாமான் எதுக்கு? லோக்கல்ல ஒண்ணு இருக்கு, நல்லாவே பிடிக்கும்." பதினைந்து வயதைத் தாண்டிய காரின் முன்சக்கரம் கழற்றப்படும் இடங்களில் இந்தப் பேச்சு சர்வசாதாரணமாகக் காதில் விழுகிறது. உரிமையாளரும் தலையாட்டிவிடுகிறார். மிச்சமாவது சில நூறு ரூபாய்.

வயதான வண்டியில் காசைக் கொட்டக் கூடாது என்ற கணக்கு பெயின்ட்டுக்கும் சீட் உறைக்கும் சரி. பிரேக்குக்கு அந்தக் கணக்கு செல்லாது. காரின் விலைதான் இறங்கியிருக்கிறது, எடை இறங்கவில்லை. புறவழிச்சாலையில் அது ஓடும் வேகமும் குறையவில்லை. சொல்லப்போனால், காற்றுப்பை, ஏபிஎஸ் எதுவும் இல்லாத பழைய மாருதி 800-க்கும் சான்ட்ரோவுக்கும் பிரேக்தான் முதன்மைக் காவல்.

கார் கம்பெனியின் முத்திரை உள்ள பெட்டிதான் ஒரிஜினல், மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பெரும்பாலான கார் கம்பெனிகள் பிரேக் பேடைத் தாங்களே செய்வதில்லை. அதற்கென்று இருக்கும் நிறுவனங்களிடம் வாங்குகின்றன. சென்னை பாடியில் 1962-ல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா, அதே பாடியின் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரின் ரானே ஆகியவை வாகனத் தொழிற்சாலைகளுக்கும் சரக்கு கொடுக்கின்றன, சொந்தப் பெயரில் ஸ்பேர் கடைகளுக்கும் அனுப்புகின்றன. மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் தயாரிப்பும் 2014-லேயே நின்றுவிட்டது. இன்னும் அவற்றை ஓட்டுபவர்களுக்கு இத்தகைய வெளிச்சந்தைப் பொருள்தான் கைகொடுக்கிறது. தன் பெயரைப் பொறித்துப் பொறுப்பேற்கும் நிறுவனத்தின் பேடை வாங்குவதில் தவறே இல்லை. நம் அச்சமெல்லாம் வேறொன்றைப் பற்றியது. செய்தவர் யார் என்றே தெரியாத பேட், பெயர் பெற்ற கம்பெனியின் பெட்டியைப் போலியாக அச்சடித்து உள்ளே அடைத்த பேட் ஆகிய இரண்டும்தான் பழைய கார்களைக் குறிவைத்து விற்கப்படுகின்றன.

இந்தப் பேடின் கெடுதல் உடனே தெரியாது. ஊருக்குள் நாற்பதில் போகும்போது நன்றாகவே பிடிக்கும். சூடேறினால்தான் அதன் குணம் வெளிப்படும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். குடும்பத்தோடு இறங்கும் கார் வளைவுக்கு வளைவு பிரேக் போட, பேடின் கலவையைப் பிணைத்திருக்கும் மட்டமான பிசின் வெந்து ஆவி கக்கத் தொடங்கும். பேடுக்கும் டிஸ்குக்கும் இடையில் பிடிமானம் போய்விடும். பெடல் கல்லைப் போல் இறுகியிருக்கும், மிதிக்க மிதிக்க வண்டி நிற்காது. சில பேடுகளில் கலவை இரும்புத் தகட்டிலிருந்து அப்படியே பெயர்ந்தும் வந்துவிடும்.

சமவெளியிலும் கணக்கு பயமுறுத்தவே செய்கிறது. 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் நல்ல பிரேக்கில் சுமார் 35 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே மிதிக்கு பேடின் உராய்வு கால் பங்கு குறைந்திருந்தால் நிற்க ஏறத்தாழ 47 மீட்டர் வேண்டும். முதல் கார் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது கார் 40 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் சாலையைக் கடக்கும் ஒரு பள்ளிப் பிள்ளை இருந்தால் என்ன ஆகும் என்று எழுத நமக்குக் கை வரவில்லை.

இதில் மெக்கானிக்கின் உயிரும் அடங்கியிருக்கிறது. மலிவான லைனிங்கில் கல்நார் கலந்திருக்கக்கூடும். டிரம்மைக் கழற்றியதும் கம்ப்ரஸர் காற்றால் ஊதும்போது எழும் தூசியை மாஸ்க் கூட இல்லாத பையன்கள் நாள் முழுக்கச் சுவாசிக்கிறார்கள். கல்நார் புற்றுநோய் தரும் என்பது உறுதியான பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2005-லிருந்து அதை முற்றாகத் தடைசெய்துவிட்டது. இந்தியாவில் இறக்குமதி இன்னும் நடக்கிறது.

போலியை இனங்காண, பேடின் விளிம்பையும் முதுகையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முறையான தயாரிப்பில் கம்பெனி பெயர், பார்ட் நம்பர், தயாரிப்புத் தொகுதி எண் அழியாமல் பதிந்திருக்கும். பலவற்றில் 'எஃப்எஃப்' போன்ற ஈரெழுத்து உராய்வுக் குறியீடும் இருக்கும். முதல் எழுத்து ஆறிய நிலைக்கு, அடுத்தது சூடான நிலைக்கு. போலியில் எழுத்தே இருக்காது, இருந்தாலும் கட்டைவிரலால் தேய்த்தால் கலங்கும். பெயின்ட்டுக்கு அடியில் துரு தெரியும், விளிம்பை நகத்தால் கீறினால் பொடி உதிரும். ஹாலோகிராம் ஸ்டிக்கரை மட்டும் நம்பிவிடாதீர்கள், அதையும் அச்சடிக்கிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் மாற்றி எழுதப்பட்ட 182ஏ பிரிவு, முக்கியப் பாதுகாப்பு உதிரிபாகம் என்று மத்திய அரசு அறிவித்த பொருளைத் தரமில்லாமல் விற்றால் ஓராண்டு வரை சிறை அல்லது பொருள் ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. பேட், ஷூ, லைனிங், வீல் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஆயில் என எதுவும் விடுபடாமல் அந்த அறிவிப்பின் கீழ் இருக்க வேண்டும். அறிவிப்போடு நின்றுவிடாமல், அதிகாரிகள் கடைகளில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஐரோப்பாவில் மாற்றுப் பேடின் பிடிப்பு ஒரிஜினலிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்று விதி உண்டு. அப்படியொரு விதி இங்கேயும் கட்டாயமாக வேண்டும்.

சொந்தக் கார் 15 ஆண்டு முடிந்ததும் மறுபதிவுக்குப் போகிறது, பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அங்கே பிரேக் சோதனை நடப்பது ஆறிய வண்டியில், சில நிமிடங்கள். சூட்டில் கைவிடும் பேடை அது காட்டிக்கொடுக்காது. பிரேக் சாமான் வாங்கிய பில்லையும் அப்போது கேட்டு வாங்கிப் பார்க்கும் நடைமுறையைப் போக்குவரத்துத் துறை உடனே கொண்டுவர வேண்டும். பில் தரக் கடைகள் தாமாகவே பழகிவிடும்.

அதுவரை வாசகர்களிடம் நாம் கேட்பது இது: பேட் பெட்டியை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு சக்கரத்துக்கு மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். கம்பெனி பெயரையும் பார்ட் நம்பரையும் பில்லில் எழுதித் தராத கடையில் பிரேக் சாமான் வாங்காதீர்கள்.