மூன்று தலைமுறையின் வழக்கு

வீடியோ விளையாட்டில் நாட்டமுள்ள மூன்று வயதினர் ஒரே கூரையின் கீழ் வாழ நேர்ந்தால், அவ்வீட்டில் வழக்குக்குப் பஞ்சமிராது. ஐம்பதை எட்டும் தந்தை, நின்டெண்டோவின் பழைய யந்திரத்துக்கு ஈடு இணையில்லை என்பார். முப்பது கடந்த சித்தப்பா, இரண்டாம் பிளேஸ்டேஷனின் பக்கம் நிற்பார். பன்னிரண்டு வயது மகனோ, "அவையெல்லாம் நூதனசாலைக்குரியவை" என்று கூறிவிட்டுத் தன் கையிலுள்ள சுவிட்ச் யந்திரத்தினின்றும் கண்ணெடுக்க மாட்டான். மூவர் கூற்றிலும் அன்பு இருக்கின்றது. நியாயம் எவர் பக்கம் இருக்கின்றது என்பதே கேள்வி.

பத்து வயதில் கைக்குக் கிடைத்த யந்திரமே உலகிற் சிறந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. தாய் வைத்த குழம்புக்கு வேறெவர் குழம்பும் ஈடாகாதது போன்றதே இதுவும். ஆயினும், "அவரவர்க்கு அவரவருடையது பெரிது" என்று சொல்லி வழக்கை மூடிவிடுதல் சோம்பலாகும். ஐம்பதாண்டுச் சரித்திரம் நம் முன்னே கிடக்கின்றது. அதனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிப்போம்.

தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து வீட்டில் விளையாடுவதற்கென விற்பனைக்கு வந்த முதல் யந்திரம், 1972 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒடிசி. அதற்கு மூலகாரணராயிருந்தவர், நாசிகளின் கொடுமைக்குத் தப்பி இளமையிலேயே ஜேர்மனியை விட்டு அமெரிக்கா சென்ற ரால்ஃப் பேயர் என்னும் பொறியியலாளர். அவ்யந்திரத்துக்கு ஓசை கிடையாது, நிறமும் கிடையாது. நிறந் தீட்டிய பிளாஸ்டிக் தாள்களைத் திரையின்மேல் ஒட்டிக்கொண்டு, வெண்புள்ளிகளை ஓடவிட்டு விளையாடினார்கள். 1977 ஆம் ஆண்டில் வந்த அட்டாரி யந்திரத்தின் ஞாபகசக்தி 128 பைட் மாத்திரமே. இக்கட்டுரையின் முதல் வாக்கியத்தைச் சேமித்து வைப்பதற்குக்கூட அது போதாது. எனினும் அச்சிறு அளவுக்குள்ளே எத்தனையோ விளையாட்டுகளை வல்லுநர்கள் அடக்கிக் காட்டினார்கள்.

பின்னர் பேராசை புகுந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளிற் குவிந்தன, வாங்குவோர் வெறுத்தொதுங்கினர், 1983 ஆம் ஆண்டில் அமெரிக்க வர்த்தகம் சரிந்தது. விலைபோகாத அட்டாரிப் பண்டங்களை நியூ மெக்சிக்கோ மாநிலத்துக் குப்பைமேட்டிற் புதைத்தார்கள். 2014 ஆம் ஆண்டில் அவற்றுட் சிலவற்றைத் தோண்டியெடுத்தும் பார்த்தார்கள்.

சரிந்ததைத் தூக்கி நிறுத்தியது நின்டெண்டோ. 1889 ஆம் ஆண்டில் யப்பானின் கியோட்டோ நகரிற் சீட்டுக்கட்டுச் செய்யத் தொடங்கிய கம்பனி அது. 1983 இல் யப்பானில் வெளியிட்ட யந்திரத்தை 1985 இல் அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றது. தன் அனுமதி பெறாத விளையாட்டுகள் இயங்காதவாறு யந்திரத்தினுள்ளே பூட்டொன்றை அமைத்தது. வெளியார் கம்பனியொன்று அமெரிக்காவில் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுகளுக்கு மேல் வெளியிடலாகாது என்றும் கட்டுப்படுத்தியது. கடுமையான சட்டந்தான், ஆயினும் வாங்குவோரின் நம்பிக்கை மீண்டது. ஏறக்குறைய 6 கோடி 19 இலட்சம் யந்திரங்கள் விற்பனையாயின. தந்தையின் வாதத்துக்கு இஃது உறுதியான சான்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இனி, இவ்வழக்கிற் பலரும் காட்டும் முதல் அளவுகோல் வலிமை. "எங்கள் யந்திரத்தின் படத்தைப் பாருங்கள், வேகத்தைப் பாருங்கள்" என்பார்கள். சரித்திரமோ வேறு கதை சொல்கின்றது. 1989 ஆம் ஆண்டில் நின்டெண்டோவின் பொறியியலாளர் குன்பெய் யொக்கோய் உருவாக்கிய கேம்போய் என்னும் கையடக்க யந்திரத்தின் திரை, பச்சை படர்ந்த மங்கலான திரை, நிறங்கள் இல்லை. மறு ஆண்டு சேகா கம்பனி வெளியிட்ட கேம்கியரோ வண்ணங்களில் ஒளிர்ந்தது. ஆனால் அது ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திலேயே விழுங்கித் தீர்த்தது. கேம்போய்க்கு நான்கு மின்கலங்கள் போதும். அவையும் பத்து மணி நேரத்தைத் தாண்டி உழைக்கும். விளைவு யாது? கேம்போயும் அதன் வண்ணத் தம்பியுமாகச் சேர்ந்து 11 கோடி 86 இலட்சம் விற்பனையாயின. கேம்கியர் ஒரு கோடியைச் சற்றே கடந்து நின்றுவிட்டது. பழகிப்போன மலிவான பொருளைப் புதிய விதமாய்ப் பயன்படுத்துவதே அறிவுடைமை என்பது யொக்கோயின் கொள்கை. சிக்கனமாய்க் குடும்பம் நடத்தும் பெண்கள் எவருக்கும் இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இஃது ஒருமுறை நிகழ்ந்த அதிசயமன்று. 2006 ஆம் ஆண்டில் நின்டெண்டோவின் வீ, தன் போட்டியாளரான மூன்றாம் பிளேஸ்டேஷனிலும் வலிமையில் மிகக் குறைந்தது. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 250 டொலர். மற்றதன் விலை 500 டொலரில் தொடங்கியது. கைத்தடி போன்ற கருவியை அசைத்துப் பாட்டியும் பேரனும் பந்து விளையாடலாம் என்ற நிலையில், வீ பத்துக் கோடியைத் தாண்டி விற்றது. 2013 ஆம் ஆண்டில் நான்காம் பிளேஸ்டேஷன் வென்றதை எடுத்துக்காட்டி, "வலியதும் வென்றிருக்கின்றதே!" எனலாம். உண்மைதான். ஆனால் அன்று அது தன் எதிரியான எக்ஸ்பொக்ஸ் வண்ணிலும் 100 டொலர் மலிவாகவும் இருந்தது என்பதை மறத்தலாகாது.

ஆகவே வலிமை அளவுகோலன்று. விற்பனைத் தொகை மாத்திரம் அளவுகோலாகுமா? அதுவும் முழு அளவாகாது. 1996 ஆம் ஆண்டின் நின்டெண்டோ 64, முதலாம் பிளேஸ்டேஷனுக்குத் தோற்றது. சோனி, மலிவான இறுவட்டுகளைக் கைக்கொண்டது. நின்டெண்டோ, விலை கூடியதும் கொள்ளளவு குறைந்ததுமான கார்ட்ரிட்ஜ் பெட்டிகளை விடாது பற்றிக்கொண்டது. தோற்ற அந்த யந்திரத்திலேதான், துணைக் கருவி வேறு வாங்காமல் நால்வர் ஒருங்கே இணைந்து விளையாட நான்கு வாயில்கள் இருந்தன. உடன்பிறந்தோர் நால்வர் ஒரே திரையின்முன் தோளோடு தோள் உரசி அமர்ந்த மாலைகளை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது?

ஆதலால் நாம் மூன்று கேள்விகளைக் கொண்டு தீர்க்கலாம் என்று கருதுகின்றோம். சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டியதா? அதில் விளையாடத்தக்கவை பலவகையாய் இருந்தனவா? வாங்கியவனின் பழைய பொருளை அது மதித்ததா?

இம்மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, தீர்ப்பு சித்தப்பாவின் பக்கமே சாய்கின்றது. 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதம் யப்பானில் வெளியான இரண்டாம் பிளேஸ்டேஷன், மறு ஆண்டில் வந்த எக்ஸ்பொக்ஸைவிட வலிமையிற் குறைந்ததே. ஆனால் விளையாட்டோடு டி.வி.டி. திரைப்படங்களையும் காட்டியது; ஒரு பெட்டியின் விலையில் வீட்டுக்கு இரண்டு பெட்டிகள் கிடைத்தன. அதனினும் முக்கியமானது, முதலாம் பிளேஸ்டேஷனுக்கென வாங்கிய இறுவட்டுகளையும் அது ஏற்றுக்கொண்டமை. புது மருமகள் வந்ததும் பழைய பாத்திரங்களைப் பரணில் ஏற்றாத வீடு போல, பழையதும் புதியதும் அதனுள்ளே சேர்ந்து வாழ்ந்தன. 2013 ஆம் ஆண்டின் தொடக்கம் வரை அதன் உற்பத்தி நடைபெற்றது. 16 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று.

தந்தை வருந்த வேண்டாம். அவர் யந்திரம் இல்லையேல் இவ்வர்த்தகமே மீண்டிராது. மகனும் கோபிக்க வேண்டாம். வீட்டிலே பெருந்திரையிலும் வெளியிலே கையிலும் விளையாடத்தக்கதாய் 2017 இல் வந்த அவனுடைய சுவிட்ச், முதலிரு கேள்விகளுக்கும் நன்றாகவே விடையிறுக்கின்றது. மூன்றாவது கேள்வியிலேதான் இன்றைய யந்திரங்கள் யாவும் சற்றுத் தடுமாறுகின்றன.

காரணத்தைக் கேளுங்கள். இன்று பெரும்பாலான விளையாட்டுகள் கையிற் பிடிக்கக்கூடிய பொருளாய் வருவதில்லை. கம்பனியின் இணையக் கடையிலிருந்து இறங்கி வருகின்றன. 2020 இல் வந்த ஐந்தாம் பிளேஸ்டேஷனின் ஒருவகை, இறுவட்டு நுழைய வாயே இல்லாமல் வெளியாயிற்று. கடை திறந்திருக்கும்வரை சுகந்தான். ஆனால் நின்டெண்டோ, வீ-யு, 3டி-எஸ் என்னும் இரு யந்திரங்களுக்குமான இணையக் கடையில் விற்பனையை 2023 மார்ச் மாதத்தோடு நிறுத்திவிட்டது. மைக்ரோசொப்ட், எக்ஸ்பொக்ஸ் 360 யந்திரத்துக்கான கடையை 2024 ஜூலையில் மூடியது. அக்கடைகளில் மாத்திரம் கிடைத்தவற்றை இனி ஒருவர் புதிதாய் வாங்க வழியில்லை. பழைய விளையாட்டுகளைக் காக்கும் அமெரிக்க அமைப்பொன்று 2023 இல் ஆராய்ந்து கண்டது இது: 2010 க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளுள் 87 வீதமானவை இன்று கடையிற் கிடைப்பதில்லை.

தந்தை தம் கார்ட்ரிட்ஜை மகனிடம் கொடுக்கலாம். சித்தப்பாவும் தம் இறுவட்டுகளைக் கொடுக்கலாம். மகன் தன் பிள்ளைக்கு எதைக் கொடுப்பான்? ஒரு கடவுச்சொல்லையா? எது சிறந்தது என்று வழக்காடுவதற்கேனும் யந்திரமும் விளையாட்டும் எஞ்சியிருக்க வேண்டுமல்லவா?

ஆகவே குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். வீட்டில் பழைய யந்திரம் இருப்பின், பழையன வாங்குபவனிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். கையடக்க யந்திரத்தின் மின்கலங்களைக் கழற்றிவிட்டே எடுத்து வையுங்கள். உள்ளே கிடந்தால் கசிந்து உலோகத்தை அரித்துவிடும். இறுவட்டை உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் நிமிர்த்தி அடுக்குங்கள். புதிதாய் வாங்குவதாயின், கையிற் கிடைக்கும் பதிப்பு உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் விலையில் அதிக பேதமில்லையெனில் அதையே தெரிந்தெடுங்கள்.

அடுத்த விடுமுறையில் பெட்டியை இறக்கித் தூசி தட்டி, மூவரும் மூன்று யந்திரங்களையும் முறைவைத்து விளையாடிப் பார்க்கலாம். நம் தீர்ப்பை மறுப்போர் அதன் பின்னர் மேன்முறையீடு செய்யட்டும்.